தொட்டு எண்ணு

வாழப்பாடிப் பக்கம் பாக்கு உரிக்கிற கூலிப் பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? கத்தி பட்ட விரலில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிற கை. காயத்தில் சீழ் பிடித்து உடம்பெல்லாம் பரவினால் அதுதான் செப்சிஸ். காய்ச்சல், மூச்சிரைப்பு, பிதற்றல். கவனிக்காவிட்டால் சாவு.

ஆள் தேறுவாளா என்பதை ரத்த ஓட்டம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். விரல் நுனியை வெளுக்கிறவரை 10 விநாடி அழுத்திவிட்டு எடு. 3 விநாடிக்குள் ரத்தம் திரும்பணும். திரும்பாவிட்டால் ஆபத்து. குளிரில் விறைத்த கையும் ஏமாற்றும். ஆகவே திரும்பத் திரும்பப் பார்க்கணும்.

லத்தீன் அமெரிக்காவின் 5 நாடுகளில் 424 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ரத்தத்தில் லாக்டேட் அளந்து வைத்தியம்; மீதிப் பேருக்கு விரலை அழுத்திப் பார்த்து வைத்தியம். 28 நாளில் லாக்டேட் பக்கம் செத்தவர்கள் 43.4 சதம், விரல் பக்கம் 34.9 சதம். இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுக்கூடத்திடம் விரல் தோற்கவில்லை.

'மெஷின் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ' என்கிறார்கள். அனுப்பட்டும். அதற்கு முன்னால் தொட்டுப் பார்க்கட்டும். இதற்குக் கரண்டும் வேண்டாம், காசும் வேண்டாம், தொடணும், அவ்வளவுதான். சிக்கலே அங்கேதான். தீண்டாமை 1950இல் சட்டப்படி ஒழிந்தது. எட்ட நின்று சீட்டு எழுதுகிற வைத்தியம் ஒழிந்ததா?

தோழர்களே, சேரியிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் கேளுங்கள்: "விரலை அழுத்திப் பாத்தீங்களா? எத்தனை விநாடி?" சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அரை மணி கழித்து மறுபடியும் கேளுங்கள்.