பெட்ரோல் மிச்சம் சரி. கரியை யார் எண்ணுவது?

தேனாம்பேட்டையில் சிவப்பு விளக்கு எரிகிறது. அண்ணா சாலையில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. 2018-ம் ஆண்டு மே மாதம் பூமிக்கு அடியில் மெட்ரோ ரெயில் வந்துவிட்டது. ஆனாலும் மேலே இந்த வரிசை இருக்கத்தான் செய்கிறது.

முன்னால் ஒரு கார். அதன் பின்னால் ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் அப்பா, அவருக்கு முன்னால் நிற்கிறது குழந்தை. அப்பாவின் மூக்கைவிடக் குழந்தையின் மூக்குதான் புகைக்குழாய்க்குப் பக்கம்.

கார் புத்தம் புதியது. கண்ணுக்குப் புகையே தெரியவில்லை. புகை இல்லை என்றால் கெடுதலும் இல்லை என்று நினைக்கிறோம். அது சரிதானா?

பானைத் தண்ணீரும் பெட்ரோலும்

சில பெட்ரோல் கார்களின் விளம்பரத்தில் 'ஜி.டி.ஐ.' என்ற மூன்று எழுத்து இருக்கும். அது என்ன?

பழைய அம்பாசிடர் காரில் கார்புரேட்டர் இருந்தது. பெட்ரோலும் காற்றும் அங்கே கலந்து எஞ்சினுக்குள் போகும். பிறகு சிலிண்டரின் வாசலிலேயே பெட்ரோலைத் தூவும் முறை வந்தது. ஜி.டி.ஐ. எஞ்சினில் வாசலில் தூவுவதில்லை. நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள்.

இதில் என்ன லாபம்? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது அல்லவா? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் அப்படியே. உள்ளே இருக்கும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றை இன்னும் இறுக்கி அமுக்கலாம். எஞ்சின் தட்டாது. அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும். பெரிய எஞ்சின் செய்த வேலையைச் சிறிய எஞ்சின் செய்துவிடும்.

இது நேற்று பிறந்த வித்தை அல்ல. 1954-ல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரிலேயே இருந்தது. அன்று அது பணக்காரர் வண்டி. 2019-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வந்த வென்யூ காரில், 998 சி.சி. அளவே உள்ள சின்ன எஞ்சினுக்கு இதே முறை.

ஆட்டோவுக்கும் வந்தது! பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோ எஞ்சினில், குடித்த பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியாக ஓடிவிடும். டிரைவரின் காசுதான் அப்படி ஓடியது. 2007-ல் பஜாஜ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் நுட்பத்தைக் கொண்டு நேரடிப் பீய்ச்சல் ஆட்டோவை வெளியிட்டது. வாசல் மூடிய பிறகு பீய்ச்சினால் பெட்ரோல் தப்பி ஓட முடியாதே!

கரி எங்கிருந்து வருகிறது?

இவ்வளவு நல்ல எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். பெட்ரோலும் காற்றும் கலக்கக் கிடைப்பது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். அதற்குள் சில துளிகள் பிஸ்டன் தலையில் ஒட்டிக்கொள்கின்றன. அவை சரியாக எரிவதில்லை. திரியை அதிகமாகத் தூண்டிய சிம்னி விளக்குபோல் கரி விடுகின்றன. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் இது அதிகம். சென்னையில் ஏது குளிர் என்று கேட்காதீர்கள். எஞ்சின் கேட்பது ஏறக்குறைய 90 டிகிரி சூடு!

இந்தக் கரித்துகளின் பருமன், தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் நுரையீரலின் அடிவரை போகிறது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் 150 மடங்கு அழுத்தத்தில், அதாவது 350 பார் அழுத்தத்தில் பீய்ச்சினால் துளி பொடியாகும். புகைக்குழாயில் வடிகட்டி வைத்தால் மிச்சக் கரியும் சிக்கும்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி வந்தது. அந்த விதியில் ஜி.டி.ஐ. கார்களுக்கு ஒரு வரம்பு உண்டு. கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள். எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறதா? துகள் அவ்வளவு சிறியது!

ஆனால் இந்த எண்ணிக்கை, கார் விற்பனைக்கு வருவதற்காக நடக்கும் சோதனையோடு சரி. கார் ஓடி ஓடி ஐந்தாறு வருடம் ஆன பிறகு? பெட்ரோல் பங்க் பக்கத்தில் எடுக்கும் புகைச் சான்று, பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் பார்க்கிறது. கரித்துகளை எண்ணுவதே இல்லை. கரி கக்கும் காரும் 'பாஸ்' ஆகிவிடும்.

இதை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

கருவி விலை அதிகம், சிறு கடைக்காரர் எங்கே போவார் என்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாக் கடையிலும் வேண்டாம். எல்லாக் காருக்கும் வேண்டாம். ஐந்து வருடம் ஓடிய ஜி.டி.ஐ. கார்களைச் சில பெரிய நிலையங்களில் மட்டும் பார்த்தால் போதும். நெதர்லாந்தில் 2023-லிருந்து, வடிகட்டி வைத்த டீசல் கார்களுக்குத் துகள் எண்ணும் சோதனை நடக்கிறது. இங்கே அதைப் பெட்ரோலுக்கும் செய்யலாம். டீசல் லாரி கக்குவதைவிட இது பெரிதா என்றும் கேட்பார்கள். லாரியையும் பிடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

கார் வாங்கப் போகிறவர்கள், "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்று தவறாமல் கேட்கிறார்கள். கூடவே, "பெட்ரோல் கரிக்கு வடிகட்டி வைத்திருக்கிறதா?" என்றும் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், கம்பெனியில் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.