வேலை கிடைத்தது, வீடு எங்கே?

வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தாயார் கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்துடன் இளைஞன் ரயில் ஏறுகிறான். திங்கட்கிழமை காலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலையிலும் சேர்ந்துவிடுகிறான். ஆனால் அன்று இரவு எங்கே படுப்பது?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். சென்னைக்கு மேற்கே பிழைக்க வருகிறவர்கள், "வாடகைக்கு வீடு தேடிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று ரயில் பாதையை ஒட்டித் தெருத் தெருவாக அலைகிறான். கதவைத் தட்டினால் முதல் கேள்வி, "குடும்பமா, தனி ஆளா?" என்பதுதான். தனி ஆள் என்றால் பல கதவுகள் உடனே சாத்தப்படும். பிறகு எந்த ஊர், என்ன சாப்பாடு என்று விசாரணை. அதையும் தாண்டினால் எதிரே நிற்கிறது பெரிய மதில். அதன் பெயர் அட்வான்ஸ்!

பத்து மாத மதில்

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். மாத வாடகை ரூ.8,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் ரூ.80,000. முதல் மாத வாடகை ரூ.8,000. தரகருக்கு ஒரு மாத வாடகை ரூ.8,000. ஆக மொத்தம் ரூ.96,000!

மாதா மாதம் எட்டாயிரம் கொடுக்க அவனால் முடியும். முதல் சம்பளமே வாங்காதவன் தொண்ணூற்றாறு ஆயிரத்துக்கு எங்கே போவான்? தாயின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. இல்லையென்றால் ஓர் அறையில் ஐந்து பேரோடு ஆறாவதாகப் பாய் விரிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பூந்தமல்லிக்கு அப்பால் எங்கோ தங்கி, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றது. யார் கேட்டார்கள்? 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகை என்று வரம்பு கட்டியது. ஆனால் இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு இல்லை என்றும் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. தங்க இடமில்லாமல் பெட்டியும் கையுமாக நிற்பவன் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மாடிப் பகுதியின் வாடகையை நம்பியே முதுமையைக் கழிப்பவர்கள் பலர். வாடகை பாக்கி வைத்துவிட்டுக் காலி செய்ய மறுப்பவர்களும் உண்டு. அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மருந்தும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யலாம். தகராறு வந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். யாரோ ஒருவன் ஏமாற்றியதற்கு அடுத்து வருகிற யோக்கியன் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

முதலாளிகளின் பங்கு

1961-ல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஊழியர் குடியிருப்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு, சுமார் 706 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மனம் வைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு இவை சாட்சி.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் ஏராளம். தனித்தனியே விடுதி கட்ட அவற்றால் இயலாது. ஆனால் பல பட்டறைகள் கூடினால் ஒரு விடுதி கட்ட முடியாதா? அதுவரையில், புதிதாகச் சேருகிறவனுக்கு முன்பணத்தை வட்டியில்லாமல் கொடுத்து, மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளலாமே!

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சட்டத்தில் திறந்து வைத்த அந்த வாசலை அடைக்க வேண்டும். மூன்று மாதம் என்றால் மூன்று மாதந்தான்.

உழைக்க வந்தவனின் முதல் சம்பளம் தாயின் கைக்குப் போக வேண்டும். அடகுக் கடைக்கு அல்ல.