ராஜா பாட்டு எல்.பி. வெளிநாட்டில இருந்தா வரணும்?

முகப்பேரில் இருக்கும் ராஜா ரசிகருக்கு 80களின் பாட்டை இசைத்தட்டில் கேட்க ஆசையா? பெரும்பாலும் பழைய எக்கோ எல்.பி.யைத் தேடி அலையணும்.

மறுபதிப்பு வரலையா?

வந்துச்சு, பிரிட்டனில்! 1977-1983 காலத்து ராஜாவின் எலெக்ட்ரானிக் பாணிப் பாடல்களை ‘சொல்ல சொல்ல’ என்ற தொகுப்பாக வெளியிட்டது ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம். 1977இல் வந்த இத்தாலியத் திகில் படம் ‘சஸ்பீரியா’வின் இசைத்தட்டு இன்னும் புதுசு புதுசா அச்சாகுது. நம்ம பாட்டுக்கு என்ன குறை?

சிக்கல் எங்கே?

மறுபதிப்புக்கு ஒரிஜினல் மாஸ்டர் டேப்பும், உரிமை யாருக்கு என்ற தெளிவும் வேணும். எக்கோவுக்கும் ராஜாவுக்கும் இடையிலான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் நடந்தது. ஆனா, தீர்ப்பு வரும்வரை டேப் காத்திருக்காது. ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். காந்தப் பூச்சு உதிரும்.

யூடியூப்ல இருக்கே?

இருக்கு. ஆனா பல பாட்டு, தேய்ஞ்ச கேசட்டிலிருந்து ஏத்தினது. வயலின், கிட்டார் வாசிச்சவங்க பேரும் இருக்காது. நல்ல மறுபதிப்பு அந்தப் பேரையெல்லாம் தேடி உறையில் அச்சிடும்.

உரிமைச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். டேப் யார் கையில் இருக்கோ, அவங்க முதல்ல அதை டிஜிட்டலில் பிரதி எடுக்கணும். எல்.பி. அப்புறம் வரலாம், டேப் போனா போனதுதான்.