மறுநாள் குழம்பு

விருந்தைவிட விருந்துக்கு மறுநாள்தான் எனக்கு உசத்தி. திருநெல்வேலிப் பக்கம் சுண்டக்கறி என்பார்கள். முந்தைய நாள் மிஞ்சிய சாம்பார், அவியல், கூட்டு, புளிக்குழம்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, நீர் வற்றும்வரை சிறுதீயில் சுண்டவிடுவது. அவியலில் தேங்காய் இருப்பதால் ராத்திரியே ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும். அசந்தால் காலைக்குள் ஊசிப்போகும். பொங்கலுக்கு மறுநாள் பழைய சோற்றைப் பிழிந்துபோட்டு, மோர் விட்டு, இதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டவர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. சமையல் புத்தகங்களில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. நேற்று என்ன மிஞ்சியதோ அதுதானே செய்முறை! மீன்குழம்பும் இதே வகையறாதான்: புளியும் உப்பும் காரமும் துண்டுக்குள் இறங்க ஓர் இரவு பிடிக்கும். இப்போது ஃப்ரிட்ஜில் மிச்சமெல்லாம் தனித்தனி டப்பாவில், ஒன்றையொன்று தொடாமல் விறைத்துக் கிடக்கிறது. உணவகங்களில் மண்கலயத்தில் பழைய சோறு விற்கிறார்கள். விற்கட்டும், ஆனால் விற்பதற்கென்றே ஊறவைத்ததை என்னால் மிச்சம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுடச்சுட மற்றவர்களுக்கு, ஆறிப்போனது சமைத்தவளுக்கு என்பதுதான் பல வீடுகளின் எழுதாத சட்டம். பழையதை நினைத்து ஏங்கி எழுதும் ஆண்கள் அதை லேசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வரும் பொங்கலுக்கு அவியலை இரண்டு பங்காகச் செய்யலாம் என்று வீட்டில் பேச்சு. காய் நறுக்குவதும் மறுநாள் சட்டி கழுவுவதும் என் பொறுப்பு.