மீன் விற்ற பெண்கள் ஆடிய புல்வெளி

ஸ்காட்லாந்துக்குப் போய் கோல்ஃப் ஆடுவது பல லட்சம் புரட்டக்கூடியவர்களால் மட்டுமே ஆகிற காரியம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எனக்கு போன் செய்தவர், எங்கள் கிளப்பில் பயிற்சி கொடுக்கும் தம்பி ஒருவர். பள்ளிக்கூட லீவில் பை தூக்கும் கேடியாக வந்தவர். இன்று என் ஸ்விங்கைத் திருத்துபவர். மூன்று வருடமாகச் சீட்டுக் கட்டி இந்தப் பயணத்துக்காகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். "நமக்கெல்லாம் எதுக்குண்ணே அந்த ஊரு? ஊட்டிக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார். தப்புக் கணக்குக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும்.

கட்டுரையாளர் கணக்குப் போட்ட விதத்தைப் பாருங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ், கார்னூஸ்டியின் சாம்பியன்ஷிப் கோர்ஸ் என்று டிவியில் பார்த்த ஐந்து மைதானங்களை எடுத்துக்கொள்கிறார். அவற்றின் உச்ச சீசன் கட்டணத்தோடு நட்சத்திர ஓட்டல், ஓட்டுநரோடு கார், தினம் ஒரு கேடி எல்லாவற்றையும் கூட்டுகிறார். வந்த தொகையை ஒரு நாட்டின் விலையாக அறிவிக்கிறார். நட்சத்திர ஓட்டலில் கல்யாணச் சாப்பாட்டுக்கு விலை விசாரித்துவிட்டு, தமிழ்நாட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு ஆகும் என்று எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

ஓல்டு கோர்ஸில் ஒரு சுற்று ஆட 2024 சீசனில் 320 பவுண்டு. நம் பணத்தில் 34 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. அது பெரிய தொகை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் 550 மைதானங்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. ஜனத்தொகை ஏறக்குறைய 55 லட்சம். பத்தாயிரம் பேருக்கு ஒரு மைதானம் இருக்கிற நாட்டில், அத்தனையும் கோடீஸ்வரர்களை நம்பியா நடக்கும்? பேனாவை எடுக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் கட்டுரையே பிறந்திருக்காது.

செயின்ட் ஆண்ட்ரூஸையே எடுத்துக்கொள்வோம். அது எந்தத் தனியாரின் தோட்டமும் அல்ல, பொதுநிலம். 1974-ல் பார்லிமென்ட் சட்டம் வழியாக அமைந்த லிங்க்ஸ் டிரஸ்ட்தான் அதை நிர்வகிக்கிறது. அதே டிரஸ்டிடம் ஓல்டு கோர்ஸைத் தவிர இன்னும் ஆறு மைதானங்கள் உண்டு. 1895-ல் போட்ட நியூ கோர்ஸ், 1897-ல் வந்த ஜூபிலி இரண்டும் அதே மணல், அதே கடற்காற்று. கட்டணம் ஓல்டு கோர்ஸில் பாதிகூட வராது. ஸ்ட்ராத்டைரம் அதையும்விடக் குறைவு. பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் குழந்தைகளுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்குமாகவே அமைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஃபேர்வேயில் உலாத்துவார்கள். நீங்களும் பதினெட்டாவது கிரீன் வரை நடந்து போகலாம், காசு கேட்க ஆள் வரமாட்டார். இதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை.

ஏஜென்ட் பேக்கேஜ் இல்லாமல் ஓல்டு கோர்ஸில் இடமே கிடைக்காது என்று எழுதியிருப்பது அடுத்த தவறு. பெயர் கொடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்கும் முறை அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுத்தால் போதும், ஹேண்டிகேப் என்ற ஆட்டத் தரச் சான்று உள்ள யாரும் கொடுக்கலாம். தனியாக வருபவர்களுக்கென்று 2024 முதல் தனிக் குலுக்கலே வந்துவிட்டது. விழுந்தால் அதே கட்டணத்தைக் கட்டி ஆடலாம், விழாவிட்டால் பக்கத்து மைதானத்துக்குப் போகலாம். இந்த விஷயத்தில் நானும் ஒருமுறை ஏமாந்தவன். முதல் பயணத்தில் ஓர் ஏஜென்டிடம் 'உறுதி செய்யப்பட்ட நேரம்' என்ற பெயரில் ஏகப்பட்ட பணம் கட்டினேன். அதில் பாதி நேரங்கள், காலையில் போய் ஜன்னலில் கேட்டாலே கிடைக்கக்கூடிய மைதானங்களுக்கு என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை யாரையும் நம்பாமல் நானே எழுதிக் கேட்டேன், நானே பஸ் ஏறினேன். இந்தக் கட்டுரையை நம்பி ஏஜென்ட் வாசலுக்குப் போகப்போகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

குறைந்த கட்டணம் வாங்கும் மைதானங்கள் 'கைப்பழக்கத்துக்கு மட்டுமே' லாயக்கு என்ற வரிதான் எல்லாவற்றிலும் மோசமானது. அது தெரியாமல் எழுதிய வரி மட்டுமல்ல, மரியாதை தெரியாமல் எழுதியதும்கூட.

எடின்பரோவிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் மஸ்ஸல்பரோ. அங்குள்ள ஓல்டு லிங்க்ஸில் ஒன்பதே குழிகள். குதிரைப் பந்தய ஓடுதளத்துக்கு நடுவில் இருக்கிறது. கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் கோல்ஃப் ஆடியவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஓடுதளத்தின் வெள்ளை வேலியைத் தாண்டித்தான் பந்தை அடிக்க வேண்டும். நான் அடித்த ஒரு பந்து வேலிக் கம்பியில் 'டங்' என்று மோதி என் காலடிக்கே திரும்பி வந்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், இந்த வேலி என்னிடமிருந்தும் நிறைய வாங்கியிருக்கிறது என்று தோளைத் தட்டினார். இங்கே கோல்ஃப் ஆடியதற்கு 1672-லேயே எழுத்துச் சான்று இருக்கிறது. 1874 முதல் 1889 வரை ஆறு முறை ஓப்பன் சாம்பியன்ஷிப் நடந்த மண் இது. உலகம் முழுவதும் இன்று குழியின் விட்டம் 4.25 அங்குலம். அந்த அளவே 1829-ல் இங்கே பயன்பட்ட குழிவெட்டியிலிருந்து வந்தது என்பார்கள். இந்த மைதானமா கைப்பழக்கத்துக்கு?

செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஆன்ஸ்ட்ரூதர் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கும் ஒன்பது குழிதான், கட்டணமும் குறைவுதான். அதன் ஐந்தாம் குழிக்கு ராக்கீஸ் என்று பெயர். ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறு பக்கம் கடல். பிரிட்டனிலேயே மிகக் கடினமான பார்-3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி, என்று பெயர் வாங்கியது. நான்கு அடியில் முடித்துவிட்டு வந்த அன்று எனக்கு இருந்த நிறைவு, பெரிய மைதானங்களில் கிடைத்ததில்லை.

இன்னும் சொல்கிறேன். எடின்பரோ நகரத்தின் நடுவிலேயே பிரன்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ் இருக்கிறது. குட்டைக் குழிகள் கொண்ட பொதுப் புல்வெளி, கட்டணமே கிடையாது. அங்கே கூட்டம் தாங்காமல்தான் நகராட்சி பிரெய்டு ஹில்ஸை வாங்கி 1889-ல் மைதானமாக்கியது. குன்றின் மேல் நின்றால் கோட்டையும் கடலும் ஒருசேரத் தெரியும். கார்னூஸ்டியில் சாம்பியன்ஷிப் மைதானத்தை ஒட்டியே பர்ன்சைடு மைதானம் இருக்கிறது. அந்த ஊரில் ரயில் நிலையம் ஒன்றுக்கே கோல்ஃப் ஸ்ட்ரீட் என்று பெயர். ஓட்டுநரோடு கார் வைத்துக்கொண்டு போகச் சொன்னவர் இதையெல்லாம் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

வடக்கே கடலோரக் கிராமங்களில் ஆளே இல்லாத மைதானங்கள் பல உண்டு. மரக் குடிசைச் சுவரில் ஓர் உண்டியல் இருக்கும். உறையில் பெயரை எழுதி, பணத்தை வைத்து, துளையில் போட்டுவிட்டு, அடித்தாளைக் கிழித்துப் பையில் கட்டிக்கொண்டு ஆட வேண்டியதுதான். நான் போன ஒரு மைதானத்தில் குடிசை ஜன்னலில் பேனா ஒரு நூலில் தொங்கியது. முதல் கிரீனைச் சுற்றி ஆடு மேயாமல் கம்பி கட்டியிருந்தார்கள். அன்று மாலை அந்த மைதானத்தில் நான் ஒருவன்தான். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். சாயங்காலக் கட்டணம் குறைவு என்பதால் பல இடங்களில் நான் ஐந்து மணிக்கு மேல்தான் ஆடவே தொடங்குவேன்.

பிறப்பிலேயே இது செல்வந்தர் ஆட்டம் என்று கட்டுரை முடிகிறது. வரலாற்றைப் புரட்டியிருந்தால் அந்த வரியை எழுதக் கை வந்திருக்காது. 1457-ல் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் இந்த ஆட்டத்தைத் தடை செய்தது. ஜனங்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதில் மூழ்கியதுதான் காரணம். பிரபுக்கள் நாலு பேர் மட்டும் ஆடியிருந்தால் தடைச் சட்டம் எதற்கு? அதே மஸ்ஸல்பரோவில் மீன் விற்ற பெண்களுக்காக 1811 புத்தாண்டை ஒட்டிப் போட்டி வைத்தார்கள். பரிசுகளில் ஒன்று, ஒரு புது மீன் கூடை. பெண்கள் கோல்ஃப் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த மீன் கூடையைச் சொல்லாமல் தாண்டுவதில்லை. ஐந்து முறை ஓப்பன் வென்ற ஜேம்ஸ் பிரெய்டு ஏர் ஓட்டியவரின் மகன். 1860-ல் நடந்த முதல் ஓப்பனை வென்ற வில்லி பார்க், மஸ்ஸல்பரோவில் கேடியாகப் பை தூக்கித் தொடங்கியவர்.

விமான டிக்கெட்டும் விசாவும் பெரிய செலவுதான். அதைக் குறைக்க என்னிடம் மந்திரம் இல்லை. மழையும் காற்றும் ஒரு நாளைப் பாழாக்கலாம். ஆனால் அங்கே இறங்கிய பிறகு ஆகும் செலவைத் தீர்மானிப்பது நாம் எந்தப் பெயர்களைத் துரத்துகிறோம் என்பதுதான். கிளப் செட்டைச் சுமந்து போக வேண்டாம், பாதி செட் வாடகைக்குக் கிடைக்கும். கேடி கட்டாயமில்லை. ஏப்ரலிலோ அக்டோபரிலோ போனால் பல இடங்களில் கட்டணம் இறங்கும். கட்டுரையாளர் இவற்றை விசாரித்து, அடுத்த இதழில் தன் தொகையைத் திருத்த வேண்டும். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

தம்பியிடம் வில்லி பார்க் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேடியா இருந்தவராண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை விசா படிவத்தை நிரப்ப வீட்டுக்கு வருகிறார்.