கேழ்வரகு மாவு மூட்டை

வாசக சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளைக்குத் தான்சானியாவில் வேலை கிடைத்திருக்கிறதாம். பெண்ணும் கூடப் போக வேண்டும். அவள் மூன்று மாதமாக முழுகாமல் வேறு இருக்கிறாள். "ஆப்பிரிக்கா என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் போய் வந்தவராச்சே, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கலக்கம் எனக்கு நன்றாகவே தெரியும், அம்மா. 2018-ல் என் பெண் கென்யாவில், நைரோபியில், நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று நான் போனில் போடாத சண்டையில்லை. "இங்கே டாக்டரம்மா நல்லா பார்க்கிறாங்க. நீ வந்து சேரும்மா போதும்" என்று முடித்துவிட்டாள்.

என் மனசில் இருந்த ஆப்பிரிக்கா எது தெரியுமா? சின்ன வயசில் சினிமாக் கொட்டகையில் பார்த்தது. காடு, ஈட்டி, மத்தளம், சிங்கம்! அதற்கப்புறம் டெலிவிஷனில் பார்த்த எலும்பும் தோலுமான குழந்தை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தெரு, ஒரு தபாலாபீஸ், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்று எதுவுமே கிடையாது. நம் இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு நிலப்பரப்பு, 54 நாடுகள். அத்தனையும் எனக்கு ஒரே ஊராகத்தான் இருந்தது.

கொசுவத்தி, பனை விசிறி, மெல்லிசு நூல் புடவைகள், பிரசவ மருந்துச் சாமான், ஐந்து கிலோ கேழ்வரகு மாவு. இவ்வளவும் மூட்டை கட்டினேன். "அம்மா, பாலிதீன் பையில் எதையும் சுத்தாதே, இங்கே தடை" என்றாள் பெண். 2017 ஆகஸ்டிலேயே அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டு, மீறினால் ஜெயில் என்று சட்டம் வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் தடை வந்தது 2019 ஜனவரியில்தான். ராத்திரி உட்கார்ந்து பழைய வேஷ்டியைக் கிழித்துப் பை தைத்தேன்.

ஜூலை மாதம் போய் இறங்கினால் பல் கிட்டுகிற குளிர்! நைரோபி ஏறக்குறைய நம் குன்னூர் உயரத்தில் இருக்கிறது. எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள். என் விசிறியைப் பார்த்து மாப்பிள்ளை சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! உயரம் காரணமாக அந்த நகரத்தில் மலேரியா பயமும் ரொம்பக் குறைவாம். தகரக் கொட்டகையில் தக்காளி விற்கிற பெண்பிள்ளை போன் வழியாகப் பணம் வாங்கிக்கொண்டாள். 2007-லிருந்தே அப்படித்தானாம். எங்கள் தெருக் கீரைக்காரம்மாவுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது.

பிரசவம் சுகமாக ஆயிற்று, ஆண் குழந்தை. சேனை தொட்டு வைக்க நான் தேன் சீசாவை எடுத்தேன். நர்ஸ் பெண் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப் போச்சு. பிறகு விசாரித்தேன். ஆறு மாதம்வரை வெறும் தாய்ப்பால் மட்டும் பெறுகிற குழந்தைகள் அந்த நாட்டில் 2003-ல் நூற்றுக்கு 13 பேர்தான். 2014-ல் அது 61 ஆகிவிட்டது. நம் நாட்டுக் கணக்கு 2015-16-ல் 55. நான் யாருக்குப் பாடம் சொல்லப் போனேன், பாருங்கள்!

அந்த ஊரில் 'மாமா' என்றால் அம்மா. தலைச்சன் பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'மாமா இன்னார்' என்று கூப்பிடுவார்கள், நம் தெருவில் 'முருகன் அம்மா' என்கிற மாதிரி. பக்கத்து வீட்டம்மா கிக்குயு இனத்தவள். மூன்றாம் நாள் மூடிபோட்ட பாத்திரத்தோடு வந்தாள். திறந்தால் கறுப்பு மொச்சை! 'ஞாஹி' என்று பெயர். பால் ஊற அதைத்தான் அவர்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்களாம். நம் பத்தியத்தில் மொச்சை என்றால் வாயு, வாசல்படி ஏறக் கூடாது. நான் முகத்தைச் சுளித்தேன். என் பெண் இரண்டு கரண்டி சாப்பிட்டாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதிலுக்கு நான் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், எங்கள் ஊர்ச் சத்துணவு என்று பெருமையாக. அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள். "இது எங்க விம்பி ஆச்சே!" என்று தன் வீட்டு டப்பாவைக் கொண்டு வந்து காட்டினாள். அதே செம்மண் நிறம், அதே வாசனை. மாவை ராத்திரி கரைத்துப் புளிக்க வைத்துக் காலையில் காய்ச்சுகிறார்கள். 'ஊஜி' என்பார்கள். சிலர் புளிக் கரைசல் விடுவதும் உண்டு. மாப்பிள்ளை புஸ்தகம் பார்த்துச் சொன்னார்: கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பக்கம்தான், அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் நம் நாட்டுக்கு வந்ததாம். கம்பு, சோளம், தட்டைப்பயறு, புளியமரம்கூட அந்தக் கண்டத்துச் சரக்குத்தானாம். ஐந்து கிலோவை அதன் பிறந்த வீட்டுக்கே சுமந்து போயிருக்கிறேன்!

நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் அக்கா பையன் தென்னிந்தியாவில் ஒரு காலேஜில் மூன்று வருஷம் படித்தவனாம். "உங்க ஊர் பஸ்ஸில் அவன் பக்கத்து ஸீட் காலியாக இருந்தாலும் யாரும் உட்கார மாட்டாங்களாமே? வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்திடுவாங்களாமே? உன்னைப் பார்த்தால் நல்லவளாத்தான் தெரியுது. ஏன் அப்படி?"

நான் எதையோ சொல்லி மழுப்பினேன். ஆனால் கை ஓடவில்லை. அதற்குச் சில வருஷங்கள் முன்பு எங்கள் மாடிப் போர்ஷனைக் கேட்டு இரண்டு மாணவர்கள் வந்தார்கள். மரியாதையாக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் சரி என்றார். "வேண்டவே வேண்டாம்" என்றது நான்தான். எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அங்கே எல்லாமே பொன் என்று சொல்ல வரவில்லை. 2014 கணக்குப்படி கென்யாவில் லட்சம் பிரசவத்துக்கு 362 தாய்மார்கள் இறந்தார்கள். நம் நாட்டில் 2014-16-ல் 130. என் பெண்ணுக்கு நல்ல ஆஸ்பத்திரிக்குப் போக வசதி இருந்தது. வறண்ட வடக்குப் பக்கத்துப் பெண்ணுக்கு அது எங்கே? நம்மிடமும் அந்த வித்தியாசம் உண்டுதானே!

இனி கடிதம் எழுதிய சகோதரிக்கு. தான்சானியா கென்யா அல்ல. தாருஸ்ஸலாம் கடற்கரை ஊர், வெக்கை, மலேரியா உண்டு. கர்ப்பிணிக்கு மலேரியா ரொம்பப் பொல்லாதது. அதனால் கொசுவலை ஒருநாளும் தவறக் கூடாது. புறப்படும் முன் பெண்ணை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியை வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அதைக் கட்டாயம் கேளுங்கள். ஸ்வெட்டரா நூல் புடவையா என்று போகிற ஊரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று மாப்பிள்ளை முன்னதாகவே போய்ப் பார்த்து வைக்கட்டும்.

கேழ்வரகு மாவு மட்டும் கட்ட வேண்டாம். அங்கே கடையில் 'உலேஸி' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.