அம்புக்குறி விசையும் ஷெல் எழுதும் பயிற்சியும்
யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில், கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரலான ஷெல்லைச் சொந்தமாக எழுதும் மாணவர், மேல் அம்புக்குறியை அழுத்தும்போது முந்தைய கட்டளைக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றுவதைக் காண்கிறார். எண்டர் விசை அழுத்தப்படும்வரை வரி முழுவதையும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் தன்னிடமே தேக்கிவைத்து, அழுத்தியவற்றைத் தானே திரையில் எதிரொலிப்பதுதான் இதற்குக் காரணம். முனையத்தின் நடத்தையை ஆளும் டெர்மியாஸ் அமைப்பில் இவ்விரண்டையும் அணைத்துவிட்டால், ஒவ்வொரு பைட்டும் உடனுக்குடன் நிரலுக்கு வந்துசேரும். அப்போதும் மேல் அம்புக்குறி விசை, 1978இல் வெளியான விடி100 முனையம் பரவலாக்கிய மரபுப்படி, 27, 91, 65 என மூன்று பைட்டுகளாகவே வருவதால், 27 என்பது தனித்த எஸ்கேப் விசையா, தொடரின் தொடக்கமா என்பதைக் கணநேரம் காத்திருந்தே முடிவுசெய்ய வேண்டும். ரீட்லைன் நூலகம் இவ்வளவையும் செய்து தருகிறது என்பது உண்மையே; ஆயினும் அதைத் தொடக்கத்திலேயே மாணவரிடம் கொடுத்துவிடுவது, விசைப்பலகைக்கும் நிரலுக்கும் இடையே கெர்னல் ஆற்றும் பணியை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஒருமுறையேனும் இதைக் கையால் எழுதியவரே, வேறொரு நிரலை இயக்கும் முன்பும் ஷெல் முடியும்போதும் முனையத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிவைக்கும் பொறுப்பை உணர்வார். ஆகவே இப்பயிற்சி இயங்குதளப் பாடத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.